கரிவண்டிக்கு ஆள் வேண்டும்

மெயின் லைன் கதை – 17

கடலூர் துறைமுகச் சந்திப்பை விட்டுத் தெற்கே புறப்படும் ரயில், ஆலப்பாக்கம் வருவதற்கு முன் செம்மங்குப்பத்தைக் கடக்கிறது. சிப்காட் ஆலைகளுக்குப் பக்கத்து ஊர். பாதை இன்றும் ஒற்றைப் பாதைதான். காங்கிரீட் கட்டைகள், அகலத் தண்டவாளம், தலைக்கு மேல் மின்கம்பி. இதே தடத்தில் ஏறக்குறைய 130 ஆண்டுகள் மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடின என்று சொன்னால், இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளை நம்புவதற்கு அங்கே எந்தச் சாட்சியும் இல்லை.

இதுவரை இந்தத் தொடரில் பாதை போட்டவர்களைப் பற்றியும் வண்டி ஓட்டியவர்களைப் பற்றியும் எழுதினேன். இந்த வாரம் பாதையைக் காப்பாற்றியவர்களைப் பற்றி. அப்படிப்பட்டவர்கள் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே யாரும் திரளவில்லை. வேறு இடங்களில் திரண்டார்கள். சம்பளமில்லாமல், விடுமுறை நாளைக் கொடுத்து, கையில் எண்ணெய்க் கறையோடு ஒரு ரயில் பாதையை அவர்கள் எப்படி உயிரோடு வைத்திருந்தார்கள் என்று தெரிந்துகொண்டால்தான், நாம் இழந்தது என்ன, இனி மீட்க முடிவது என்ன என்பது புரியும்.

முதலில் நம் பாதையின் கதையைச் சுருக்கமாக ஞாபகப்படுத்துகிறேன். 1861-62இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு ஓடிய முதல் வண்டி அகலப் பாதையில்தான் ஓடியது. 1870இல் மேயோ பிரபுவின் அரசு, செலவைக் குறைக்க மீட்டர் கேஜ் என்று முடிவெடுத்தது. 1,676 மில்லிமீட்டர் அகலம் 1,000 மில்லிமீட்டராகச் சுருங்கியது. 1874இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவானது. நாகப்பட்டினத்து அகலப் பாதையையே அது பெயர்த்துக் குறுக்கியது. சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று தூத்துக்குடிவரை மீட்டர் கேஜ் மெயின் லைன் நீண்டது. கடலூர்ப் பக்கம் பாதை வந்தது 1870களின் பின்பாதியில், தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டிக்கொண்டிருந்த காலத்தில்.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், கொழும்புக்குப் போகும் பயணிகளைத் தனுஷ்கோடியில் கப்பலேற்றிவிட்ட போட் மெயில் இந்த வழியாகத்தான் போனது. 1920களின் கடைசியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதை திறந்தது. வேகவண்டிகள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போயின. மெயின் லைன் பெயருக்கு மட்டுமே மெயின் லைனாக இருந்தது. ஒருவகையில் அதனால்தான் இங்கே மீட்டர் கேஜ் நீண்ட நாள் பிழைத்தது. 1992இல் நாடு முழுக்க ஒரே அகலம் என்ற திட்டம் வந்தபோது குறுக்குப் பாதை முந்திக்கொண்டது. நம் கடற்கரைப் பாதை வரிசையில் பின்னால் நின்றது. 2006 கடைசியில் விழுப்புரம் – மயிலாடுதுறை மீட்டர் கேஜ் மூடப்பட்டது. 2010இல் அகலப் பாதையில் வண்டி வந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிதம்பரத்துக்காரர்கள் பஸ்ஸை நம்பி இருந்தார்கள்.

அகலப் பாதை வந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வேகம் கூடியது, மாற்றி ஏறும் தொல்லை போனது, சரக்கு நேரடியாக வருகிறது. மூடப்பட்ட அந்த நாளில், போகும் பொருளில் ஒரு பங்கையாவது காப்பதற்கு ஊரில் ஓர் அமைப்பு இல்லாமல் போனதே என் வருத்தம்.

அப்படி ஓர் அமைப்பு எழுந்த இடத்துக்குப் போவோம். வேல்ஸ் நாட்டு மலையடிவாரத்தில் டைவின் என்ற சின்னக் கடற்கரை ஊர். அங்கிருந்து ஒரு குறும்பாதை சிலேட்டுக்கல் சுரங்கத்துக்குப் போகிறது. பெயர் டாலிலின் ரயில்வே. 1865இல் பாராளுமன்றச் சட்டம் பெற்றுப் போட்டது. அகலம் 2 அடி 3 அங்குலம். நம் மீட்டர் கேஜுக்கும் குறைவு. 1911இல் இதை வாங்கிய சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், தான் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். சுரங்கம் 1940களில் மூடியபின்னும் அந்த வாக்கைக் காப்பாற்றினார். 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டிஷ் ரயில்வேக்கள் அரசுடைமையானபோது, கவனிப்பாரற்ற இந்தப் பாதையின் பெயர் பட்டியலிலேயே சேரவில்லை. 1950 ஜூலையில் ஹேடன் ஜோன்ஸ் இறந்தார். அப்போது பாதையில் புல் மண்டிக் கிடந்தது. தண்டவாளத்தை அதன் இடத்தில் பிடித்து வைத்திருந்ததே அந்தப் புல்வேர்தான் என்று சொல்வார்கள். இருந்த இரண்டு இன்ஜின்களில் 'டால்கோக்' என்ற ஒன்று மட்டும் ஓடும் நிலையில் இருந்தது. அதுவும் 1860களில் செய்தது.

டாம் ரோல்ட் என்ற எழுத்தாளர் இதைப் பார்த்தார். பழைய கால்வாய்களைக் காக்க ஏற்கெனவே இயக்கம் கண்டவர், பயிற்சி பெற்ற பொறியாளரும்கூட. அவர் முன்கையெடுக்க, 1950 அக்டோபர் 11ஆம் தேதி பர்மிங்காம் நகரத்து இம்பீரியல் ஹோட்டலில் ஒரு கூட்டம் கூடியது. ஒரு சங்கம் அமைத்து, ஒரு ரயில் பாதையைப் பொதுமக்கள் தாங்களே தொண்டாக ஏற்று நடத்துவது என்று முடிவானது. அதுவரை உலகத்தில் எங்கும் நடக்காத காரியம். ஹேடன் ஜோன்ஸின் மனைவியும், பாதையின் பழைய மேலாளர் எட்வர்ட் தாமஸும் பங்குகளைச் சங்கத்தின் பொறுப்பில் விட இசைந்தார்கள். 1951 மே 14ஆம் தேதி தொண்டர்களின் முதல் வண்டி கிளம்பியது.

அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 1951 ஏப்ரல் 14ஆம் தேதி, தென்னிந்திய ரயில்வேயும் மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயும் மைசூர் ரயில்வேயும் இணைந்து நம் தெற்கு ரயில்வே பிறந்தது. அரசின் கையில் ரயில் பெரிதாகி ஒன்றாகத் திரண்ட அதே வசந்த காலத்தில், இன்னொரு மூலையில் ஒரு துண்டுப் பாதை மக்களின் கைக்கு வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்தத் தொடருக்குத் தேவை என்று நினைக்கிறேன்.

முதல் ஆண்டில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. டால்கோக் ஒன்றை நம்பி வண்டி விட முடியாது. பக்கத்துக் கோரிஸ் பாதை மூடப்பட்டு, அதன் இரண்டு இன்ஜின்கள் மகின்லத் நிலையத்தில் கிடந்தன. அந்த விசித்திர அகலம் இரண்டு பாதைக்கும் ஒன்றே என்பது பெரும் அதிர்ஷ்டம். ஒன்று 25 பவுன் என்று விலை பேசி பிரிட்டிஷ் ரயில்வேயிடம் வாங்கினார்கள். ஒன்றை ஓட்டிப் பார்த்தால் தடம் இறங்கியது. பட்டுப்போன கட்டைகளில் தண்டவாளங்கள் இரண்டு பக்கமும் அகன்றுபோயிருந்தன, அந்த இன்ஜினின் சக்கரப் பட்டையோ ஒடுக்கம், இடையில் விழுந்துவிட்டது. இன்னொன்றை முழுதாகப் பழுதுபார்க்க வேண்டும். லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லட் இன்ஜின் கம்பெனியின் தலைவர் ஜான் ஆல்காக் சங்கத்தில் உறுப்பினர். தம் பட்டறையிலேயே காசு வாங்காமல் செய்துகொடுத்தார். அந்த இன்ஜினுக்கு எட்வர்ட் தாமஸ் என்றே பெயர். முதல் இரண்டு ஆண்டுகள் ரோல்ட் மேலாளராக இருந்தார்.

இந்தக் கதையை உலகம் ஒரு காதல் கதையைப் போலச் சொல்கிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. பாதை மூடி, தண்டவாளம் கழற்றி, பழைய இரும்புக்கு விற்றபின் அவர்கள் கூடவில்லை. கடைசி வண்டி ஓடிய சில நாட்களிலேயே கூடினார்கள். வண்டியின் குணமறிந்த பழைய ஆட்கள் இன்னும் வேலையில் இருந்தார்கள். எந்த வளைவில் தண்ணீர் தேங்கும், எந்த இணைப்பு இளகும், பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர் எப்போது மக்கர் செய்யும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவு கை மாறியது. இரும்பு எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். அந்த அறிவு கிடைக்காது.

தொண்டு ரயில் என்றால் ஞாயிற்றுக்கிழமை தொப்பி போட்டுக் கொடி காட்டுவது என்று நினைப்பவர்கள் உண்டு. கரிவண்டி ஷெட்டில் ஒரு நாள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். காலையில் வண்டி புறப்பட வேண்டுமானால் விடியலுக்கு வெகு முன்பே நெருப்பு மூட்ட வேண்டும். பாய்லர் மெல்லத்தான் சூடேற வேண்டும். அவசரப்பட்டால் தகடு ஒரு பக்கம் விரிந்து, மறுபக்கம் விரியாமல், தறை கசியும். அதற்கு முன்னால் நேற்றைய சாம்பலை வாரி, குழாய்களில் அடைந்த புகைக்கரியைத் துலக்கி, கிளாஸில் தண்ணீர் மட்டம் சரியா என்று பார்த்திருக்க வேண்டும். நெருப்புப் பெட்டியின் மேற்கூரைத் தகட்டில் ஈயம் அடைத்த பிளக் ஒன்று இருக்கும். தண்ணீர் அந்தத் தகட்டுக்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். அந்த ஒரு துண்டு ஈயத்தை நம்பியே டிரைவரும் ஃபயர்மேனும் பாய்லருக்குப் பின்னால் நிற்கிறார்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்புப் படலம் கட்டும். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாய்லரை ஆறவிட்டுக் கழுவியாக வேண்டும். நம் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரை நினைத்துப் பாருங்கள், இங்கே ஒரு கரிவண்டியை வைத்திருப்பவருக்கு எவ்வளவு பாடு என்று.

இவ்வளவும் இன்ஜினுக்கு மட்டும். பாதைக்கு கேங்மேன் வேலை இருக்கிறது. கட்டை மாற்ற வேண்டும், ஜல்லி இடிக்க வேண்டும், ஃபிஷ்பிளேட் போல்ட்டை முடுக்க வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும். படம் எடுக்க நூறு பேர் வருவார்கள். கடப்பாரை எடுக்கப் பத்துப் பேர்தான் நிற்பார்கள். தொண்டு ரயில்களை நடத்துபவர்கள் எல்லா நாட்டிலும் சொல்லும் குறை இது. ஆகையால் அங்கே ஒரு ஏற்பாடு நிலைத்தது. பட்டறைப் பொறுப்பு போன்ற விட முடியாத சில வேலைகளுக்குச் சம்பள ஆள், மற்றதற்குத் தொண்டர்கள். டாலிலினில் முதல் ஆண்டிலேயே டேவிட் கர்வன் என்ற பொறியாளரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். தொண்டு என்றால் எல்லாம் இலவசம் என்று நினைக்காததே அவர்கள் பிழைத்ததற்கு ஒரு காரணம்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே ரயில் அரசினுடையது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அனுமதி இல்லாமல் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு பாதையில் வண்டி விட முடியாது. அதனால் டாலிலினைப் போல ஊர்க்காரர்கள் பங்கு வாங்கிப் பாதையை நடத்திய கதை இங்கே எழவில்லை. ஆனால் தொண்டாக வந்த தனி மனிதர்கள் உண்டு. மைக்கேல் சடோ என்ற ஆங்கிலேயர், ஒரு ரசாயனக் கம்பெனியின் அதிகாரியாக இந்தியாவில் இருந்தவர். ஷெட்டுகளிலும் ஆலைகளிலும் கிடந்த பழைய இன்ஜின்களைத் தேடித் தேடிக் குறித்தார். ரயில்வேக்குக் கௌரவ ஆலோசகராக உழைத்தார். 1977 பிப்ரவரி 1ஆம் தேதி டெல்லியில் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் பல வண்டிகள் அன்றைக்கு உடைபடாமல் தப்பியதில் அவர் பங்கு பெரியது.

சென்னைக்கும் ஒரு பெருமை உண்டு. 1855இல் லீட்ஸ் நகரத்தில் செய்து கிழக்கிந்திய ரயில்வேக்கு வந்த ஃபேரி குயீன் இன்ஜினை, 1997இல் மறுபடி ஓட வைத்தது பெரம்பூர் லோகோ பட்டறைதான். அதன் சோதர இன்ஜின் இ.ஐ.ஆர். 21, நூறாண்டுக்கு மேல் மேடையில் காட்சிப் பொருளாக நின்றது. அதையும் பெரம்பூர் ஆட்கள் பிரித்து, இல்லாத பாகத்தைப் புதிதாகச் செய்து, 2010 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஓட்டிக் காட்டினார்கள். நிலைய வாசல்களில் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கும் இன்ஜின்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இ.ஐ.ஆர். 21தான் நினைவுக்கு வரும். மேடையில் ஏற்றியதோடு ஒரு வண்டியின் ஆயுள் முடிவதில்லை. தெரிந்த கை வந்தால் அது இறங்கி ஓடும்.

தமிழ்நாட்டில் இன்று ஓடும் மீட்டர் கேஜ் ஒன்றே ஒன்று. அது நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் திறந்து, 1908இல் உதகைக்கு நீண்ட 46 கிலோமீட்டர் பாதை. கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் 12 அடிக்கு 1 அடி. வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். ஆகவே நடுவில் பல்தண்டவாளம். இன்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரம் அதில் பற்றி ஏறுகிறது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டே போவார்.

நட்டக் கணக்கைக் காட்டி இதை மூடிவிடலாம் என்ற பேச்சு பலமுறை எழுந்தது. 1993இல் நிலச்சரிவு பாதையைப் பெயர்த்தது, 2009இலும் அப்படியே. இந்தப் பாதையை விட்டுவிடக் கூடாது என்று குரல் கொடுத்தவர்களில் நீலகிரியின் ஹெரிடேஜ் ஸ்டீம் சாரியட் டிரஸ்ட் முக்கியமானது. நடராஜன் என்பவர் தொடங்கிய அமைப்பு. அவர்கள் இன்ஜின் ஓட்டவில்லை, ஓட்டவும் முடியாது. அதிகாரிகளுக்கு எழுதினார்கள், பத்திரிகைகளில் பேசினார்கள், நீராவியை எடுத்துவிட்டு முழுக்க டீசல் போடும் எண்ணம் தலைதூக்கியபோதெல்லாம் எதிர்த்தார்கள், பாதையின் பிறந்தநாளைப் பயணிகளோடு கொண்டாடி அதை ஊரின் திருநாளாக்கினார்கள். 2005இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. டார்ஜிலிங் மலை ரயில் 1999இல் ஏறிய பட்டியலில் இதுவும் சேர்ந்தது. அதற்குப்பிறகு மூடுவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

பட்டியலில் ஏறியதைவிட என்னை மகிழ்விப்பது அதற்கு அப்புறம் நடந்தது. வின்டர்தூர் இன்ஜின்கள் மூப்படைந்தன. புதிதாக எங்கே வாங்குவது? திருச்சிப் பொன்மலைப் பட்டறை 2011 முதல் புது எக்ஸ் வகை இன்ஜின்களையே செய்து மலைக்கு அனுப்பியது. 21ஆம் நூற்றாண்டில் ஒரு நீராவி இன்ஜினை அடியிலிருந்து உருவாக்கத் தெரிந்த பட்டறைகள் உலகில் அதிகம் இல்லை. அதில் ஒன்று நம் பொன்மலை.

இந்தப் பொன்மலைக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை முதலில் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1920களின் பின்பாதியில் அதைப் பொன்மலைக்கு மாற்றினார்கள். ஆட்குறைப்பு அறிவித்தார்கள். 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கிய சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை போனார்கள். அந்தப் போராட்டத்தைத் தனி அத்தியாயமாக எழுதவிருக்கிறேன். இங்கே சொல்ல வந்தது, கடற்கரையில் இரும்பு வேலை கற்ற குடும்பங்கள் அன்றைக்கே இடம் பெயர்ந்தன என்பது. பின்னாளில் கிளைப்பாதைகளும் போயின. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் போட்ட பாதையை 1986இல் வருமானமில்லை என்று நிறுத்தினார்கள். டாலிலினைவிட நீளமான பாதை. முடிவில் டேனிஷ் கோட்டையும் கடலும். ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள், மறியல் பேசினார்கள், திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீராவிப் பாதையாக வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்க அன்று யாருக்கும் வழிகாட்டி இல்லை.

செம்மங்குப்பத்தைப் பற்றி எழுதும்போது 2025 ஜூலை 8ஆம் தேதியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அன்று காலை விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போன பயணிகள் ரயில், இந்த ஊர் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் ஒன்றின்மேல் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அன்று அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில் கதவு மூடிப் பூட்டப்படாமல் சிக்னல் விழாது. கை தவறினாலும் இயந்திரம் தடுக்கும். அது இல்லாத கேட்டில், ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்கீப்பரும் தொலைபேசியில் பேசி, சொன்னதை உறுதிப்படுத்தும் பிரைவேட் நம்பரை மாற்றிக்கொண்டு, அதை ஏட்டில் எழுதி, அதன்படி கதவை மூட வேண்டும். பாதுகாப்பு முழுவதும் மனிதர்களின் சொல்லிலும் ஏட்டிலும் தங்கியிருக்கிறது.

பழைய ரயிலைக் காப்பதைப் பற்றிய கட்டுரையில் இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், ரயிலின் மரபு என்று நாம் கொண்டாடும் பொருள்கள் எல்லாமே இந்த ஒரு கவலையில் பிறந்தவை. கைகாட்டி மரம் அழகுக்கு நட்டதில்லை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வராமல் இருக்க நீல்ஸ் டோக்கன் கருவி வந்தது. ஒரு இரும்புப் பந்து அந்தக் கருவியிலிருந்து வெளியே வந்துவிட்டால், அது மறுபடி ஏதாவது ஒரு முனையில் உள்ளே போகும்வரை இன்னொரு பந்து வெளியே வராது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் நகரக் கூடாது. அதைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடும் வண்டியில் ஃபயர்மேன் கையை நீட்டி வாங்குவார். ஆலப்பாக்கத்திலும் புதுச்சத்திரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நின்று இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் தொண்டு ரயில்களில் புதிதாகச் சேரும் தொண்டருக்கு இன்ஜினைக் காட்டுவதற்கு முன்பே விதிப்புத்தகத்தைக் கையில் கொடுக்கிறார்கள். தேர்வு எழுதித் தேறாமல் சிக்னல் கேபினில் கை வைக்க விடமாட்டார்கள். அந்த ஒழுக்கத்தைப் பாதுகாக்காமல் இரும்பை மட்டும் பாதுகாப்பவர்களை நான் ரயில் பாதுகாவலர்கள் என்று ஏற்கமாட்டேன்.

இனி நம் பக்கம் என்ன செய்யலாம்? கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜைத் திரும்பப் போட வேண்டும் என்று கேட்பது வீண். நிலமில்லை, தண்டவாளமில்லை, பெட்டியில்லை. வடக்கே சில பாதைகள் தப்பியிருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தில் பாதாள்பானி – காலாகுண்ட் மீட்டர் கேஜில் 2018 டிசம்பர் முதல் பாரம்பரிய வண்டி ஓடுகிறது. ராஜஸ்தானில் மார்வார் சந்திப்பிலிருந்து காம்லிகாட்டுக்கு 2023 அக்டோபரில் ஒன்று தொடங்கியது. அங்கெல்லாம் பாதை பெயர்க்கப்படாமல் இருந்தது. நமக்கு அந்த வாய்ப்பு 2006இலேயே முடிந்துவிட்டது.

மிச்சமிருப்பவர்கள் ஆட்கள்தான். விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாகச் சேர்ந்து டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறி ஓய்வு பெற்றவர்கள். கொள்ளிடம், வெள்ளாற்றுப் பாலங்களில் வெள்ளக் காலத்தில் இரவு முழுக்க விளக்கோடு காவல் நின்ற கீமேன்கள். அட்டை டிக்கெட்டில் தேதி குத்திக் கொடுத்த புக்கிங் கிளார்க்குகள். எட்மன்சன் என்ற ஆங்கிலேய ஸ்டேஷன் மாஸ்டர் 1830களில் கண்டுபிடித்த அந்தத் தடித்த அட்டை, கணினி வரும்வரை நம் சட்டைப்பையில் இருந்தது. இவர்களில் இளையவருக்கே இன்று அறுபது தாண்டியிருக்கும். கரிவண்டி ஓட்டியவர் என்றால் எண்பதை ஒட்டி இருப்பார். இங்கே தொண்டு என்பது அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பது, பதிவு செய்வது, அவர்கள் சொல்வதை ஒர்க்கிங் டைம் டேபிளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரு கல்லூரி வரலாற்றுத் துறையும் நாலு ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்களும் சேர்ந்தால் போதும். சிதம்பரத்தில் பல்கலைக்கழகமே இருக்கிறது. பாதுகாப்பு ஆணையரின் அனுமதி எதுவும் இதற்குத் தேவையில்லை.

பொருள் ஏதாவது கிடைத்தால், உடனே மெருகேற்றி வரவேற்பறையில் மாட்டிவிடாதீர்கள். விளக்கில் இருக்கும் எழுத்து, டோக்கன் பந்தில் பொறித்த நிலையப் பெயர், பெட்டியின் உள்தகட்டு எண் ஆகியவைதான் அதன் சரித்திரம். அமிலம் போட்டுத் தேய்த்தால் போய்விடும். முதலில் படம் எடுங்கள், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எழுதி வையுங்கள். திருச்சி ரயில் அருங்காட்சியகம் 2014 முதல் இயங்குகிறது, சென்னை ஐ.சி.எஃப். பக்கத்து அருங்காட்சியகம் 2002இல் திறந்தது. வீட்டில் வைத்துக் காக்க முடியாததை அங்கே சேர்க்க முயலலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாதை ஓரத்தில் கிடக்கும் எதையும் எடுக்காதீர்கள். அது ரயில்வேயின் சொத்து, ஓடும் பாதையின் பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் முதல் கொள்ளிடம்வரை உள்ள வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் மீட்டர் கேஜ் காலத்து ரயில்வேக்காரர் யாராவது இருந்தால் இந்த வாரமே அவரோடு உட்காருங்கள். எந்த வண்டி, எந்த ஸ்டேஷன், எந்த ஆண்டு, கூட வேலை செய்தவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை இந்தத் தொடருக்கு அனுப்பினால் அவர் பெயரோடு, அவர் சம்மதத்தோடு வெளியிடுகிறேன். அடுத்த வாரம் பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுப் பாலம்.